கணக்கு எழுதத் தெரிந்த நமக்குச் சம்பவம் எழுதத் தெரியாதா?

வியாபாரிக்கு எழுத்து புதிதல்ல. நாள்வழி, பேரேடு, கொள்முதல், இருப்பு, பற்று வரவு என்று காலையில் கடை திறந்தது முதல் இரவு கல்லா கட்டுகிற வரையில் எழுதிக்கொண்டேதான் இருக்கிறோம். இப்போது கம்ப்யூட்டரில் பில் போட்டாலும், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுச் சிட்டை இல்லாத கடையை நான் பார்த்ததில்லை. போன வருஷம் ஆடி மாதம் எந்தக் கடைக்கு எத்தனை மூடை துவரம்பருப்பு போனது, என்ன விலை, ஏற்றுக்கூலி எவ்வளவு என்று கேட்டால் ஐந்து நிமிஷத்தில் எடுத்துச் சொல்லிவிடுவோம்.

ஆனால் அதே கடையில் ராத்திரி பூட்டு உடைந்திருந்தால், கிட்டங்கியில் நாலு சிப்பம் குறைந்தால், கல்லாவுக்கு எதிரே ஒருவர் வந்து தகராறு செய்துவிட்டுப் போனால், அதைப் பற்றி நம்மிடம் ஒரு வரி எழுத்து கிடையாது. போலீஸ் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்து, "நேத்து ராத்திரி ஒரு பத்து, பத்தரை மணி இருக்கும் சார்" என்று ஆரம்பிக்கிறோம். இருபத்தைந்து பைசா வித்தியாசம் வந்தால் பேரேட்டைத் தலைகீழாகப் புரட்டுகிற நாம், இங்கே மட்டும் அரை மணி நேரத்தைச் சர்வசாதாரணமாகத் தூக்கிப் போட்டுவிடுகிறோம்.

ஒவ்வொரு கடையிலும், ஒவ்வொரு கிட்டங்கியிலும் சம்பவக் குறிப்பேடு என்று ஒரு நோட்டு இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதை முதலாளி மட்டுமல்ல, காவலுக்கு இருப்பவரும் கணக்குப்பிள்ளையும் எழுதப் பழக வேண்டும். இது போலீஸ்காரர் வேலை, நமக்கென்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில், எழுதாமல் விடுவதால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். ஒரு திருட்டு நடந்த அன்று காலையில் பஜாரில் நின்று கேட்டுப் பாருங்கள். ஏழு மணிக்கு "பைக்கில் யாரோ வந்த மாதிரி இருந்தது" என்பார் எதிர்க்கடைக்காரர். எட்டு மணிக்கு டீக்கடையில் அது "பைக்கில் ரெண்டு பேர்" ஆகிவிடும். பத்து மணிக்கு மூன்று பேர், கையில் அரிவாள். பதினொரு மணிக்கு நாம் மனு எழுதிக் கொடுப்பவரிடம் போகிறோம். அவர் நூறு மனு எழுதிய பழக்கத்தில், "அடையாளம் தெரியாத நபர்கள் சுமார்" என்று அவருக்குப் பழகிய நடையில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிடுகிறார். அதன் கீழே நாம் கையெழுத்துப் போடுகிறோம். யாரும் இதில் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாளில் இருப்பது நாம் கண்டதும் இல்லை.

அந்த வழக்கு விசாரணைக்கு வர எத்தனை வருஷம் ஆகும் என்று நமக்குத் தெரியும். மூன்று வருஷம் கழித்துச் சம்மன் வரும். கூண்டில் ஏறி நின்றால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது நேரத்தைத்தான். அடுத்தது வெளிச்சம். அடுத்தது தூரம். தெருவிளக்கு எரிந்ததா, நீங்கள் நின்ற இடத்திலிருந்து எத்தனை அடி, எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று அடுக்கிக்கொண்டு போவார். நாம் அங்கே நின்று மென்று விழுங்குவோம்.

சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சாட்சி சொல்பவர், சம்பவம் நடந்த சமயத்திலேயே, அல்லது ஞாபகம் மங்காமல் இருந்தபோதே, தானே எழுதிவைத்த குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொண்டு பதில் சொல்லலாம். 1872-ம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இது 159-வது பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்திருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 162-வது பிரிவாக அப்படியே இருக்கிறது. ஒழுங்காக எழுதப்பட்டு வரும் வியாபாரக் கணக்குப் புத்தகத்துக்கும் சாட்சிய மதிப்பு உண்டு. ஆனால் அது மட்டுமே ஒருவரைப் பொறுப்பாக்கப் போதாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. சாட்சி பார்த்துப் பேசுகிற குறிப்பை எதிர்த்தரப்பும் வாங்கிப் பார்க்கலாம், அதை வைத்துக் குறுக்கு விசாரணை செய்யலாம். ஆகையால் நோட்டில் ஒரு வரியை ஊதிப் பெருக்கினால் அந்த ஒரு வரியே நம்மைக் கவிழ்த்துவிடும்.

நம் இனத்தவருக்கே இந்தப் பழக்கம் பழையது என்று சொல்ல ஒரு சான்று இருக்கிறது. புதுச்சேரியில் பாக்கு வியாபாரமும் கப்பல் வியாபாரமும் நடத்தி, கவர்னர் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ல் தொடங்கி 1761-ல் தாம் மறையும் வரை நாட்குறிப்பு எழுதினார். வருஷம், மாதம், தேதி, கிழமை போட்டு எழுதினார். அவர் சரித்திரம் எழுத உட்கார்ந்தவர் இல்லை. வியாபாரி. இன்று அந்தக் காலத்துப் புதுச்சேரியைப் பற்றி யார் பேசினாலும் அந்தக் குறிப்பில் போய்த்தான் நிற்க வேண்டியிருக்கிறது. நாம் அந்த அளவுக்கு எழுத வேண்டாம். பூட்டு எந்தப் பக்கம் உடைந்திருந்தது என்று எழுதினால் போதும்.

பூட்டு என்று சொன்னேன். சில வருஷங்களுக்கு முன் எங்கள் வீதியில் ஒரு பலசரக்குக் கடையில் நடந்தது. கடையின் பின்பக்கக் கதவுப் பூட்டை நெம்பி எடுத்து, உள்ளே இருந்த நெய் டின்களையும் முந்திரிப் பெட்டிகளையும் கொண்டுபோய்விட்டார்கள். காலையில் வந்த கடை ஆட்கள், பாவம், நல்ல எண்ணத்தில் கடையைக் கூட்டிப் பெருக்கினார்கள். வளைந்து கிடந்த கொண்டியைத் தட்டி நேராக்கினார்கள். பழைய பூட்டு எங்கே போனது என்று தெரியாது, அன்றைக்கே புதுப் பூட்டுப் போட்டாகிவிட்டது. மதியம்தான் புகார் கொடுத்தார்கள். அதில் "கடையில் வைத்திருந்த சரக்குகள் திருடு போய்விட்டன" என்று இருந்ததே தவிர, கதவை உடைத்த விவரம் ஒரு வார்த்தை இல்லை. இன்சூரன்ஸ் இருந்தது. ஆனால் களவு பாலிசியில், பலவந்தமாக உள்ளே நுழைந்து எடுத்தால்தான் நஷ்டஈடு என்று ஷரத்து. சர்வேயர் வந்து பார்த்தபோது நல்ல கதவும் புதுப் பூட்டும்தான் இருந்தன. கம்பெனி மறுத்துவிட்டது. அப்படி ஷரத்து இருந்தால் பலவந்தம் இல்லாத திருட்டுக்குப் பணம் கேட்க முடியாது என்று 2004-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவர் நுகர்வோர் ஆணையம் வரை அலைந்தார். கேட்டதில் பாதிகூடக் கைக்கு வரவில்லை. கதவு உடைந்தது நிஜம். அதை உடைந்தபடியே பார்த்தவர்கள் ஆறு பேர் இருந்தார்கள். எழுதியவர்தான் ஒருவரும் இல்லை.

இப்போது எப்படி எழுதுவது என்பதற்கு வருகிறேன். இது பெரிய வித்தை இல்லை. ஆனால் நம்மிடம் இருக்கிற சில பழக்கங்களை விட வேண்டும்.

நேரத்தை எழுதும்போது எந்தக் கடிகாரம் என்றும் எழுத வேண்டும். சிரிக்காதீர்கள். நம் கடைகளில் பாதிப் பேர் சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் வைத்திருக்கிறோம். கேமராப் பெட்டியில் ஓடுகிற நேரம் வேறு. கரண்ட் போய் வந்ததில் அது ஒரு மணி நேரம் தள்ளிப் போயிருந்தாலும் யாரும் கவனிப்பதில்லை. "கடைக் கடிகாரம் 9.20, செல்போனில் 9.11, கேமராவில் 8.47" என்று ஒரு வரி எழுதிவிட்டால் பிறகு யாரும் நம்மை மடக்க முடியாது. அப்படி எழுதாமல் விட்டால், கேமராவில் ஒரு நேரம், புகாரில் ஒரு நேரம், வாட்ச்மேன் சொல்வது ஒரு நேரம் என்று மூன்றும் ஒன்றையொன்று பொய்யாக்கும்.

ஆளைப் பற்றி எழுதும்போது "நெட்டையாக, கறுப்பாக" என்று எழுதினால் நம் ஊரில் பாதிப் பேர் வந்து நிற்பார்கள். கடையில் அளவு இருக்கிறது. அந்த ஆள் நின்ற இடத்தில் ரேக்கின் எத்தனாவது தட்டு அவர் தலைக்கு நேராக இருந்தது, ஷட்டரின் கீழ்விளிம்பு எங்கே இடித்தது என்று பார்த்தால் உயரம் கிடைத்துவிடும். தலையிலிருந்து கால் வரை வரிசையாக எழுத வேண்டும். முடி, முகம், சட்டை, கையில் என்ன, காலில் என்ன. சட்டையை மாற்றிக்கொள்ளலாம்; நடையை மாற்ற முடியாது. இடது காலைச் சாய்த்து நடந்தார் என்றால் அதுதான் பெரிய அடையாளம். வண்டியாக இருந்தால் நம்பர் முழுவதும் கிடைக்காவிட்டாலும் கிடைத்த எழுத்தை மட்டும் எழுதுங்கள். கிடைக்காததைக் குத்துமதிப்பாக நிரப்பாதீர்கள்.

பேச்சை எழுதும்போது அவர் பேசியபடியே எழுத வேண்டும். "தகாத வார்த்தைகளால் திட்டி, கொலை மிரட்டல் விடுத்தார்" என்று எழுதுவது நம் நடை இல்லை, அது மனு நடை. அவர் வாயிலிருந்து வந்தது என்ன? "கடையைக் கொளுத்திடுவேன்" என்றாரா, "உன்னைப் பார்த்துக்கிறேன்" என்றாரா? இரண்டுக்கும் சட்டத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. கெட்ட வார்த்தையாக இருந்தாலும் கூச்சப்படாமல் எழுதிவிட வேண்டியதுதான். பூஜை அறையில் வைக்கிற நோட்டு இல்லையே அது.

சரக்கு குறைந்தால், "சுமார் இரண்டு லட்சம் மதிப்புள்ள பொருட்கள்" என்று எழுதாதீர்கள். எந்தச் சரக்கு, என்ன மார்க்கா, எந்தக் கொள்முதல் பில், எத்தனை உருப்படி, எண்ணிப் பார்த்தவர் யார், எண்ணியது எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். மதிப்பைப் பிறகு பில்லை வைத்துப் போட்டுக்கொள்ளலாம். (இருப்புப் புத்தகத்தையே ஒழுங்காக வைத்துக்கொள்ளாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு, அது நீளம்.)

எல்லாவற்றிலும் முக்கியம், கண்டது வேறு, கேட்டது வேறு, நினைத்தது வேறு. கண்டதை "பார்த்தேன்" என்று எழுதுங்கள். மற்றவர் சொன்னதை, சொன்னவர் பெயரும் சொன்ன நேரமும் போட்டு எழுதுங்கள். நினைத்ததை எழுதாதீர்கள். தெரியாததற்குத் "தெரியவில்லை" என்று எழுதிவிடுங்கள். "தெரியவில்லை" என்ற வார்த்தை நாலு இடத்தில் வருகிற குறிப்பைத்தான் படிக்கிறவர் நம்புவார்.

நோட்டு தைத்த நோட்டாக இருக்க வேண்டும், பக்கத்துக்கு எண் போட்டிருக்க வேண்டும். கிழிக்கக் கூடாது, இடம் விட்டு எழுதக் கூடாது, வெள்ளை மை தடவக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் படிக்கும்படியாக ஒரே கோடு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, கீழே சரியானதை எழுதலாம். இதெல்லாம் பேரேட்டுக்கு நமக்குத் தெரிந்த சுத்தம்தான். எழுதி முடித்ததும் எழுதியவர் கையெழுத்து, எழுதிய நேரம். உடன் இருந்தவர் ஒருவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. ஒரு சின்னப் படம் போட்டு, கதவு இங்கே, விளக்கு இங்கே, நான் நின்றது இங்கே என்று குறித்துவிடுங்கள். போலீசார் வந்து பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் எழுதுவதற்குள் பொருள்கள் இடம் மாறிவிடும். நம் படம் அதற்கு முந்தியது.

போலீசுக்கும் இன்சூரன்ஸுக்கும் எத்தனை மணிக்குச் சொன்னோம், எடுத்துப் பேசியவர் யார் என்பதும் அதே நோட்டில் ஏற வேண்டும். புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி அதன் எண்ணையும் குறித்துவையுங்கள். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். மின்னஞ்சல் போன்ற வழியிலும் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். மூன்று வருஷத்திலிருந்து ஏழு வருஷத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தி, முகாந்திரம் இருக்கிறதா என்று பார்க்கவும் அந்தப் பிரிவு இடம் கொடுக்கிறது. சாதாரணத் திருட்டு அந்த வரம்புக்குள் வருகிறது. அந்த 14 நாளில் நம் கையில் காட்ட என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

"அதுதான் கேமரா வைத்திருக்கிறேனே" என்பார்கள். எட்டுக் கேமரா வைத்த கடைகளில்தான் எழுத்தே இல்லை. கேமரா நல்லதுதான். ஆனால் பெட்டியில் இடம் நிறைந்ததும் பழையது தானாக அழிந்து, அதன் மேல் புதியது ஏறும். அது பதினைந்து நாளோ முப்பது நாளோ, நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கோர்ட்டில் கொடுக்க வேண்டுமானால் சான்றிதழ் வேண்டும் என்பதை 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இப்போதைய சட்டத்தில் அது 63-வது பிரிவு, சான்றிதழுக்கு இரண்டு பகுதி, ஒன்றை நாம் கொடுக்க வேண்டும், மற்றொன்றை நிபுணர் கொடுக்க வேண்டும். செல்போனில் திரையைப் படம் பிடித்துக் கொடுத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க. அது தவிர, கேமராவுக்குக் காது இல்லை, மூக்கு இல்லை. மண்ணெண்ணெய் வாடை அடித்ததை அது எழுதாது.

2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் நடந்ததை எந்த வியாபாரியும் மறக்க முடியாது. ஊரடங்கு நேரத்தைத் தாண்டிச் செல்போன் கடை திறந்திருந்தது என்று கொண்டுபோகப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் சில நாளில் இறந்தார்கள். கடைக்கு முன்னால் கூட்டமும் வாக்குவாதமும் என்று முதல் தகவல் அறிக்கை சொன்னது. பக்கத்திலிருந்த கேமராப் பதிவு அப்படிக் காட்டவில்லை. காவல் நிலையத்தின் கேமராவில் போதுமான இடம் இருந்தும் அன்றன்றைக்கு அழிந்துவிடும்படி வைக்கப்பட்டிருந்தது என்று விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் எழுத்தில் பதிவு செய்தார். சாட்சி சொன்ன பெண் தலைமைக் காவலரின் வாக்குமூலத்தையும் அவர் அங்கேயே எழுதி வாங்கினார். உடனே, அந்த இடத்திலேயே எழுதியதால்தான் அவை நின்றன. நமக்கு எதிராக ஒரு காகிதம் எழுதப்படும்போது, நம் பக்கத்தில் ஒரு காகிதமாவது இருக்க வேண்டாமா?

இதுவரை சொன்னது நம் நஷ்டத்தைப் பற்றி. இதைவிடப் பெரிதாக எனக்குப் படுவது வேறொன்று.

சரக்குக் குறைந்தால் நம் பஜாரில் முதல் சந்தேகம் யார் மேல் போகிறது? கடைப் பையன் மேல். அடுத்தது லோடுமேன். இப்போது புதிதாக, வெளி மாநிலத்திலிருந்து வந்து மூடை தூக்குகிறவர் மேல். "வடக்கத்திப் பையன் மாதிரி இருந்தான்" என்று எழுதிக் கொடுத்த புகாரை நானே படித்திருக்கிறேன். இது அங்க அடையாளமா? நம் கிட்டங்கிகளில் பாதி மூடை இன்றைக்கு அவர்கள் முதுகில்தான் ஏறி இறங்குகிறது. ஒரு வரி எழுதிவிட்டு நாம் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுகிறோம். அந்த ஆளின் கதி என்ன? வேலைக்காரர் முதலாளியின் பொருளைத் திருடினார் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 306-வது பிரிவில் ஏழு வருஷம் வரை தண்டனை. நம் பேனா முனையில் ஒருவருடைய ஏழு வருஷம் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு மசாலாச் சரக்குக் கடையில் ஒரு நாள் காலை ஏலக்காய்ப் பை இரண்டு குறைந்தது. முந்தின நாள் கடை சாத்தியது இருபது வயதுப் பையன். ராமநாதபுரம் பக்கத்துக் கிராமம், அப்பா இல்லை. கணக்குப்பிள்ளைக்கும் அவனுக்கும் ஏற்கெனவே ஆகாது. பத்து மணிக்குள் அவன்தான் என்று முடிவாகிவிட்டது. நாலு பேர் சேர்ந்து ஓர் அறையில் உட்கார்த்தி வைத்துவிட்டார்கள். அடிக்கிற மாதிரிதான் இருந்தது.

அந்தக் கடையில் காவலுக்கு இருந்த பெரியவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பேத்தியின் பழைய கணக்கு நோட்டில், எழுதாமல் விட்ட பின்பக்கங்களில், வாசலைத் தாண்டிப் போகிற உருப்படியை எல்லாம் எழுதிவைக்கிற பழக்கம் அவருக்கு. யாரும் சொல்லி அவர் எழுதவில்லை. அவர் நோட்டைக் கொண்டுவந்து முதலாளி முன்னால் வைத்தார். "முதலாளி, இதை ஒரு தடவை பாத்திருங்க. அப்புறம் என்ன வேணா செய்யுங்க" என்றாராம். அதில் இருந்தது இவ்வளவுதான்: சாயங்காலம் 7.40, பார்சல் ஆபீஸ் வண்டி, சீட்டில் ஏழு பை, ஏற்றியது ஒன்பது. கேட்டேன். கணக்குப்பிள்ளைக்குத் தெரியும் என்றார்கள். பிறகு, 8.50, பையன் ஷட்டர் இறக்கினான், சாவி கணக்குப்பிள்ளை கையில், பையன் கையில் சாப்பாட்டுத் தூக்கு மட்டும்.

பார்சல் ஆபீசுக்குப் போன் போட்டார்கள். இரண்டு பை சீட்டில்லாமல் வேறு ஊர்ச் சரக்கோடு சேர்ந்து போயிருந்தது. நாலாம் நாள் திரும்பி வந்தது. திருட்டே நடக்கவில்லை. பெரியவர் எழுதாமல் வாயால் சொல்லியிருந்தால், அன்றைக்கு அந்த அறையில் இருந்த கோபத்தில் யார் காதில் ஏறியிருக்கும்? "பையனுக்குச் சாதகமாப் பேசுறீரா?" என்று அவரையும் சேர்த்து உட்கார்த்தி வைத்திருப்பார்கள். அந்தப் பையன் இப்போது வேறு ஊரில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். அந்தக் கடைக்கு அவன் அதன் பிறகு வேலைக்கு வரவில்லை. வராதது நியாயம்தான்.

அந்தப் பெரியவரைப் போன்றவர்கள் இப்போது குறைவு. நாம் ஏஜென்சியிடம் சொல்லி ஆள் போடுகிறோம். தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளுக்கு 2005-ம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. லைசென்ஸ் வேண்டும், காவலருக்குப் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் லைசென்ஸைக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்? மாதத்துக்கு ஐந்நூறு ரூபாய் யார் குறைவாகக் கேட்கிறார் என்று பார்க்கிறோம். வாரத்துக்கு ஓர் ஆள் மாறுகிறார். வாசலில் வைத்திருக்கிற ரிஜிஸ்தரில் வண்டி வந்த நேரம், போன நேரம் என்று இரண்டு கட்டம். அதையும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மொத்தமாக உட்கார்ந்து ஒரே கையெழுத்தில் நிரப்புகிறார்கள். அது குறிப்பு இல்லை. காவலுக்கு வருகிறவருக்கு ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, ஒரு பேனா, நேரம் சரியாக ஓடுகிற ஒரு கடிகாரம் கொடுத்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதுவதை வாரத்துக்கு ஒரு முறையாவது முதலாளி படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் படிக்காத நோட்டை யாரும் எழுத மாட்டார்கள்.

இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இப்போது திருட்டு ஷட்டர் வழியாக மட்டும் வருவதில்லை. பணம் போட்டதாகச் செல்போனில் காட்டிவிட்டு, சரக்கோடு போய்விடுகிறார்கள். கியூஆர் அட்டையின் மேல் வேறொன்றை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். ஏமாந்தது தெரிந்த உடனே 1930 எண்ணுக்குச் சொன்னால், பணம் கை மாறுவதற்குள் நிறுத்த வாய்ப்பு உண்டு. அவர்கள் கேட்பது தேதி, நேரம், தொகை, பரிவர்த்தனையின் 12 இலக்க எண். அதைத் தேடிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் பணம் எங்கோ போய்விடும். அதுவும் இந்த நோட்டில் ஏற வேண்டிய விஷயம்தான்.

"எழுதி வைத்தால் நமக்கே வினையாகாதா அண்ணாச்சி?" என்று போன மாதம் கீழமாசி வீதி நண்பர் ஒருவர் கேட்டார். ஆகலாம். நம் ஆள் முதலில் கை நீட்டியிருந்தால், அதையும் எழுதத்தான் வேண்டும், பிறகு வக்கீல் அதைப் படிக்கத்தான் செய்வார். ஆனால் நம் ஆள் கை நீட்டியதை எதிர்த்தரப்பு எப்படியும் சொல்லத்தான் போகிறது. நாமே எழுதியிருந்தால் மற்ற வரிகளையாவது நம்புவார்கள். "போலீஸ், கோர்ட் எல்லாம் எதற்கு, பேசி முடித்துவிடலாம்" என்பார் இன்னொருவர். பேசி முடிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். பாதிச் சண்டை அப்படித்தான் தீர வேண்டும். ஆனால் எதைப் பேசி முடித்தோம் என்று எழுதியிருந்தால்தானே, ஆறு மாதம் கழித்து அதே ஆள் அதே கடைக்கு வரும்போது நமக்குத் தெரியும்? வேலைப்பளு என்று சொல்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பத்து நிமிஷ வேலை அது. செல்போனில் வருகிற வீடியோ இரண்டைக் குறைத்தால் நேரம் கிடைத்துவிடும்.

நமது சங்கத்துக்கு ஒரு யோசனை வைக்கிறேன். வருஷா வருஷம் உறுப்பினர்களுக்குக் காலண்டர் அச்சடித்துக் கொடுக்கிறோம். ஒவ்வொரு கடையிலும் அரிசி மில், எண்ணெய் மில், பேங்க் என்று பத்துக் காலண்டர் தொங்குகிறது, நம் காலண்டர் பதினொன்றாவதாகச் சுருட்டியபடியே கிடக்கிறது. ஒரு வருஷம் அதை நிறுத்திவிட்டு, இருநூறு பக்கத்தில், தைத்து, பக்க எண் போட்டு, கெட்டி அட்டையில் ஒரு சம்பவக் குறிப்பேடு அச்சடிக்கலாம். முதல் பக்கத்தில் நம் சரக ஸ்டேஷன் எண், 112, 1930, தீயணைப்பு 101, இன்சூரன்ஸ் ஏஜெண்ட் எண் எழுதக் காலி இடம். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் ரைட்டர் ஒருவரைச் சங்கக் கட்டடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அழைத்து, முதலாளிகளை அல்ல, வாட்ச்மேன்களையும் கணக்குப்பிள்ளைகளையும் முன்வரிசையில் உட்காரவைத்து, எழுதப் பழக்கலாம். வருகிறவர்களுக்கு அன்றையக் கூலியை அவரவர் கடையே கொடுத்துவிட வேண்டும்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். முதல் நூறு நோட்டின் அச்சுக்கூலியை என் கணக்கில் எழுதிக்கொள்ளும்படி பொருளாளரிடம் சொல்லியாகிவிட்டது.